கத்திரிக்காயாகவே இருக்கட்டும்

தள்ளி உட்காராதீர்கள் சார். இது ஒட்டாது.

நீங்கள் பார்த்ததை நானும் பார்த்தேன். புதுக்கோட்டையில் ஏறினீர்கள், பக்கத்தில் உட்கார்ந்தீர்கள், பையை மடியில் வைத்துக்கொண்டீர்கள். என் கழுத்தைப் பார்த்தீர்கள். காதைப் பார்த்தீர்கள். அப்புறம் மெதுவாக சீட்டின் ஓரத்துக்கு நகர்ந்துவிட்டீர்கள். டிரைவர் ஒரு பிரேக் போட்டால் கீழேதான் இருப்பீர்கள், அவ்வளவு ஓரம். குறை சொல்லவில்லை. நானாக இருந்தால் எழுந்தே போயிருப்பேன். ஆனால் இது சொறி இல்லை, சிரங்கு இல்லை, அம்மை இல்லை. கத்திரிக்காய்.

ஆமாம், கத்திரிக்காய்தான். இன்று மத்தியானம் அறந்தாங்கியில் சாப்பிட்டது. மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். சாப்பிடும்போதே தெரியும், தடிக்கிறது என்று. தெரிந்தும் கேட்டு வாங்கினேன். ஏன் என்று கேட்கிறீர்களா? கேட்கவில்லையா? திருச்சி வர இன்னும் நேரம் இருக்கிறது, சொல்கிறேன்.

என் பெயர் சிவக்கொழுந்து. ஒரு பாலிடெக்னிக்கில் எஞ்சினியரிங் டிராயிங் எடுக்கிறேன். கோடு போடுகிற வாத்தியார். பையன்கள் போடும் கோடு மயிரிழை விலகினாலும் எனக்குத் தெரிந்துவிடும். என்னைப் பற்றி நானே ஓயாமல் யோசிக்கிற ஆள். கடையில் சில்லறை வாங்கினால்கூட, சிரித்து வாங்கினேனா, முறைத்து வாங்கினேனா என்று வீடு வரைக்கும் யோசிப்பேன். மனைவி மங்கையர்க்கரசி சொல்வாள், "நீங்க யோசிக்கிறதுல பாதிய கேட்டுத் தெரிஞ்சுக்கலாம்" என்று. அவளுக்கு யோசனையின் ஆழம் புரியாது.

போன ஆடியில் ஆரம்பித்தது. திடீர் திடீரென்று உடம்பு தடிக்கும். கொசு கடித்த மாதிரி ஒரு புள்ளி, அது வட்டமாகும், வட்டம் பக்கத்து வட்டத்தோடு சேரும், முதுகில் ஒரு இந்திய வரைபடமே வந்துவிடும். கொஞ்ச நேரத்தில் சுவடில்லாமல் மறைந்துவிடும். எங்கள் தெருவில் இதற்குக் காணாக்கடி என்று பெயர். கடித்தது எது என்று கண்ணுக்குத் தெரியாது. ஆளுக்கொரு எதிரியைக் காட்டினார்கள். ஸ்டாஃப் ரூமில் ஒருவர் பால் என்றார், ஒருவர் கோதுமை என்றார். எதிர்வீட்டுக்காரர் என் சோப்பை முகர்ந்து பார்த்துவிட்டு, "சார், நீங்க ஆளே தப்பான சோப்பு" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கடைசியில் டாக்டரிடம் போனேன். சின்னப் பெண். என்னிடம் படித்த பிள்ளைகள் வயது. "எதுன்னு தெரியாதப்ப எல்லாத்தையும் நிறுத்திருவோம் அங்கிள். உடம்பு அமைதியானதும் ஒண்ணொண்ணா உள்ள விடுவோம். எது வந்தப்ப தடிக்குதோ, அதுதான் ஆளு" என்றாள்.

எல்லாம் என்றால் எல்லாம் சார். பால், தயிர், கோதுமை, பருப்பு, தேங்காய், கடலை, புளி, தக்காளி, கத்திரிக்காய், காபி. மங்கை அதை வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்துவிட்டாள். மிஞ்சியது சோறு, சுரைக்காய், புடலங்காய், உப்பு. நல்லெண்ணெய்கூட சந்தேகக் கேஸாகவே உள்ளே வந்தது. அவளும் அதையேதான் சாப்பிட்டாள். ரெண்டு சமையல் செய்யச் சோம்பல் போலிருக்கிறது. அவள் உடம்பு கொஞ்சம் இளைத்துக்கூடப் போனது, என்னால் அவளுக்கும் ஒரு நன்மை.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்கு அது பிடித்துவிட்டது. தடிப்பு நின்றது ஒரு பக்கம். ஆனால் 'வேண்டாம்' என்று சொல்வதில் ஒரு ருசி இருக்கிறது பாருங்கள், அது எந்தப் பாயசத்திலும் இல்லை. ஒருவர் வடையை நீட்டுவார். நான் உள்ளங்கையைக் காட்டுவேன். அவர் கை அப்படியே அந்தரத்தில் நிற்கும். அந்த நேரத்தில் நான் கொஞ்சம் உயரமாகிவிட்ட மாதிரி இருக்கும். ஸ்டாஃப் ரூமில் நான் நுழைந்தால், "சித்தர் வர்றாரு, பஜ்ஜிய மூடு" என்பார்கள். நான் கோபப்படவில்லை. சித்தர்களை உலகம் எப்போது புரிந்துகொண்டது?

"உங்களுக்கு வியாதி பிடிக்கல. விலக்குறது பிடிச்சிருக்கு" என்றாள் மங்கை. நான் சுரைக்காயை மென்றுகொண்டிருந்தேன்.

இந்த நேரத்தில்தான் தமயந்தி விஷயத்தைச் சொன்னாள். என் மகள். கோயம்புத்தூரில் வேலை. கூட வேலை பார்க்கிற பையன், கலையரசன், அறந்தாங்கிக்காரன், கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறோம் என்றாள். நான் உடனே சரி என்றேன். குறித்துக்கொள்ளுங்கள், உடனே. அவர்கள் வேறு ஆட்கள். அதை நான் கேட்கவே இல்லை. மங்கைதான் விசாரித்துச் சொன்னாள். விசாரிக்கச் சொன்னது நான்தான், ஆனால் நான் கேட்கவில்லை. நான் அதெல்லாம் பார்க்கிறவன் இல்லை சார்.

"அப்பா, உங்க டயட் முடியட்டும், அப்புறம் அவங்க வீட்டுக்குப் போலாம்" என்றாள் தமயந்தி. நான்தான் ஒத்துக்கொள்ளவில்லை. நல்ல காரியத்தைத் தள்ளிப்போடலாமா? வருகிற ஞாயிறே போகலாம் என்றேன். எவ்வளவு ஆர்வம் பாருங்கள் எனக்கு.

போனோம். கலையரசனின் அப்பா அரங்கசாமி, எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறார். முன்னால் கடை, பின்னால் வீடு. அவர் பேசுவது குறைவு. அவருக்கும் சேர்த்துப் பேசுவது அவர் மனைவி பூமயில். "வாங்க வாங்க, வெயில்ல வந்திருக்கீங்க, பொண்ணு ஒங்க சாடையே இல்ல, நல்லவேள" என்று வாசலிலேயே ஆரம்பித்தது அந்தம்மா. கூடம் முழுக்கச் சொந்தக்காரர்கள். இலை போட்டார்கள். நாங்கள் சைவம் என்பதால் அன்றைக்கு எல்லாமே சைவம். அவியல், கூட்டு, வடை, பாயசம்.

நான் என் பையைத் திறந்து டப்பாவை எடுத்தேன். சோறும் சுரைக்காயும்.

உங்கள் முகம் மாறுவது தெரிகிறது. அங்கேயும் இப்படித்தான் மாறியது. நான் விளக்கமாகச் சொன்னேன். டாக்டர், தடிப்பு, ஒவ்வொன்றாக உள்ளே விடுவது, எல்லாம் கரும்பலகையில் வரையாத குறையாகச் சொன்னேன். நன்றாகத்தான் கேட்டுக்கொண்டார்கள். "ஒடம்பு முக்கியம் சார்" என்றுகூட ஒருவர் சொன்னார். அப்புறம் பூமயிலம்மா ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தது. நான் பையிலிருந்து என் பாட்டிலை எடுத்தேன்.

அவ்வளவுதான் நடந்தது. வேறு எதுவும் நடக்கவில்லை.

"தண்ணியக்கூடவா சார் டாக்டரு நிறுத்தச் சொன்னாரு?" என்று அந்தம்மா கேட்டது.

"இல்லம்மா, வெந்நீர் பழக்கம்" என்றேன்.

உண்மைதான். சில நாட்களில் வெந்நீர் குடிப்பேன். இந்தத் தண்ணீர் விஷயத்தை மட்டும் எல்லோரும் ஏன் இப்படிப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை. தண்ணீர்தானே! அதில் என்ன இருக்கிறது?

எனக்குப் போட்ட இலையில் ஈ உட்கார்ந்தது. மங்கை தன் இலையிலிருந்து எழுந்து வந்து, என் இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள். "போடுங்க அண்ணி, ரெண்டு இலைக்கும் நானே சாப்பிடுறேன்" என்றாள். சாப்பிட்டாள் சார். சர்க்கரை உள்ளவள், ரெண்டு தடவை பாயசம் வாங்கிக் குடித்தாள். பார்க்க எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. கட்டுப்பாடு என்பது எல்லோருக்கும் வராது.

சம்பந்தம் பேசப் போன வீட்டில் கை நனைப்பது என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். சாப்பிட்டு எழுந்தால் சரி. காபியோடு எழுந்தால் யோசிக்கிறோம். எதையும் தொடாமல் எழுந்தால் முடிந்தது. எனக்கும் தெரியும், எனக்கு ஏன் தெரியாது? ஆனால் மருத்துவக் காரணம் என்று ஒன்று இருக்கிறதே என்று நினைத்தேன்.

மறுவாரம் அரங்கசாமி போன் செய்தார். ரொம்ப மரியாதையாகப் பேசினார். "எங்க பக்கத்துல கை நனைக்காமப் போனா வேணாம்னு அர்த்தம் சார். ஒங்க பக்கத்துல எப்படின்னு தெரியல. விரதம், வயிறு சரியில்ல, டாக்டர் சொன்னாரு, எங்க அப்பா காலத்துலருந்து நாங்க நெறைய கேட்டுட்டோம். பொண்ணு தங்கமான பொண்ணு. ஆனா நாளைக்கு எங்க வீட்டுக்கு வந்து ஒரு வாய் தண்ணி குடிக்காத சம்பந்திய வச்சுக்கிட்டு நாங்க என்ன செய்யிறது?"

அப்போதுதான் மங்கை சொன்னாள், நாங்கள் சைவம் என்பதால் அந்தம்மா அன்றைக்கென்று சட்டி, கரண்டி எல்லாம் புதிதாக வாங்கிச் சமைத்ததாம். எனக்கு எப்படித் தெரியும்? யாரும் சொல்லவில்லையே.

தமயந்தி அழவில்லை. "உங்களுக்கு எது ஒத்துக்கலன்னு தெரிஞ்சுபோச்சுப்பா" என்றாள்.

"இல்லம்மா, இன்னும் ஒண்ணொண்ணா உள்ள விடவே ஆரம்பிக்கலையே" என்றேன்.

அதற்கப்புறம் அவள் என்னிடம் பேசவில்லை. கோயம்புத்தூரிலிருந்து போன் வந்தால் மங்கை எடுப்பாள். சிரிப்புச் சத்தம் கேட்கும். நான் பக்கத்தில் போனால் "சரி வச்சிடுறேன்மா" என்று கேட்கும். கல்யாணம் நிற்கிறது சார். என் சுரைக்காய்க்காக ஒரு கல்யாணம் நிற்கிறது.

டயட் முடிந்தது. வெற்றிகரமாக முடித்தேன் என்று டாக்டர் கைகுலுக்கினாள். என்னை மாதிரி ஒழுங்காக இருந்தவர்களே இல்லையாம். வீட்டில் சொன்னேன், மங்கை "ம்" என்றாள்.

பிறகு விசாரணை. பால் வந்தது, மூன்று நாள் குடித்தேன், ஒன்றும் இல்லை, நிரபராதி. கோதுமை வந்தது, நிரபராதி. பருப்பு, தேங்காய், தக்காளி, புளி, ஒவ்வொருவராகக் கூண்டில் ஏறி இறங்கி வீட்டுக்குப் போனார்கள். உங்களுக்குத் தெரியுமா, நான் சந்தோஷப்படவில்லை. பயமாக இருந்தது. எல்லோருமே நிரபராதி என்றால் குற்றவாளி யார்? நான் அந்த வீட்டில் டப்பாவைத் திறந்ததற்குக் காரணமாக உலகத்தில் ஒரு காய், ஒரு பருப்பு, ஒரு மண்ணாங்கட்டியாவது இருக்க வேண்டாமா?

டாக்டரிடம் போய் நின்றேன். அவள் பேனாவை மூடி மூடித் திறந்தாள். "சில பேருக்குச் சாப்பாடு காரணமா இருக்காது அங்கிள். மனசுல ஏதாவது இருந்தா வரும். யாரையாவது பார்க்கணும், எங்கயாவது போகணும்னா டென்ஷன் ஆவீங்களா?" என்றாள். எனக்கு வந்ததே கோபம். மனசு என்ன கத்திரிக்காயா, மூன்று நாள் நிறுத்தி வைத்துவிட்டு மறுபடி உள்ளே விட்டுப் பார்க்க?

அது ஒன்றுதான் பாக்கி. கத்திரிக்காய். நேற்று சாயங்காலம் மங்கை வாங்கி வந்து வைத்தாள். ஊதாக் கலரில், பிஞ்சாக, தொட்டிலில் கிடக்கிற பிள்ளைகள் மாதிரி. ராத்திரி முழுக்க யோசித்தேன். இதுவும் நிரபராதி என்றால்?

இன்று காலை லீவு சொல்லிவிட்டு, வீட்டில் காலேஜ் என்று சொல்லிவிட்டு, அறந்தாங்கி பஸ்ஸில் ஏறிவிட்டேன். வாசலில் செருப்புக்குப் பக்கத்தில் என் தண்ணீர் பாட்டிலை மங்கை நிரப்பி வைத்திருந்தாள். எடுக்க மறந்துவிட்டேன். நிஜமாகவே மறந்தேனா என்று கீரனூர் தாண்டும்வரை யோசித்தேன். முடிவு தெரியவில்லை.

பூமயிலம்மாதான் கதவைத் திறந்தது. என்னைப் பார்த்தது. எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தது. அப்புறம் என் கையைப் பார்த்தது.

"டப்பா எங்க சார்?"

"கொண்டு வரலம்மா."

"தண்ணி பாட்டிலு?"

"அதுவும் இல்ல."

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன் சார். மனிதர்கள் அனைவரும், பழக்கவழக்கம், காலமாற்றம், அப்படி ஒரு நல்ல சொற்பொழிவு. வாயைத் திறந்தால் அதில் ஒரு வார்த்தைகூட வரவில்லை.

"பசிக்குதும்மா" என்றேன்.

உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பரீட்சை ஹாலில் சூப்பர்வைசர் நிற்கிற மாதிரி எதிரே நின்றது. நான் வாய் வைத்தே குடித்தேன். முழுச் சொம்பையும் குடித்தேன். பச்சைத் தண்ணீர். ஒன்றும் ஆகவில்லை.

"இன்னிக்குக் கத்திரிக்காப் புளிக்கொழம்பு. வேற ஒண்ணுமில்ல. அன்னிக்கு வாங்குன புதுச்சட்டி பரண்ல கெடக்கு, வேணும்னா எறக்கி வேற எதாச்சும் வைக்கிறேன். இது நாங்க மீனு வைக்கிற சட்டி."

"இருக்கிறதையே போடுங்க."

முதல் கவளம் உள்ளே போனது. நல்ல குழம்பு சார், பொய் சொல்லக்கூடாது. ரெண்டாவது கவளத்தில் வலது காது மடல் சுருக்கென்றது. மூன்றாவதில் இடுப்பு. அப்புறம் கழுத்து, முதுகு, பனியனுக்குள் எறும்புப் புற்றையே கொட்டிவிட்ட மாதிரி. என்ன செய்வேன்? சொறிந்தால் தீர்ந்தது. அந்த வீட்டுச் சோறு எனக்கு ஆகவில்லை என்று என் உடம்பே சாட்சி சொல்லிவிடும். இடது கையைத் தொடைக்கடியில் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

"என்ன சார் நெளியிறீங்க?"

"ரொம்ப நல்லா இருக்கும்மா. இன்னும் கொஞ்சம் போடுங்க."

போட்டது. சாப்பிட்டேன். மறுபடி கேட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. "காரமா?" என்றது. "அளவா இருக்கு" என்றேன். என் வாழ்க்கையில் இவ்வளவு கட்டுப்பாடாக நான் எதையும் செய்ததில்லை. சுரைக்காயெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

அப்போதுதான் அரங்கசாமி கடையிலிருந்து சாப்பிட வந்தார். செம்புக் கம்பித் துணுக்கு ஒட்டிய கையோடு வாசற்படியில் நின்று என்னையே பார்த்தார். நான் சாப்பிடுவதைப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

"காது என்ன சார் பணியாரம் மாதிரி இருக்கு?" என்றார்.

"வெயிலு" என்றேன்.

பூமயிலம்மா கிட்டே வந்து குனிந்து பார்த்தது. காதைப் பார்த்தது, கழுத்தைப் பார்த்தது, தொடைக்கடியில் நசுங்கிக் கிடந்த கையைப் பார்த்தது. "அடி ஆத்தீ! என்னங்க, இந்த மனுசனுக்கு நெசமாவே வியாதிங்க!" என்று கத்தியது பாருங்கள், கடையில் இருந்த ஆட்கள் ஓடிவந்துவிட்டார்கள். அப்புறம் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தது. "நான் என்னமோ..." என்று ஆரம்பிக்கும், முடிக்காது, மறுபடி சிரிக்கும். என் வியாதியை இவ்வளவு சந்தோஷமாக யாரும் வரவேற்றதில்லை சார்.

உடனே தமயந்திக்குப் போன். "ஏண்டி கண்ணு, ஒங்கப்பா இங்கதான் இருக்காரு. அவருக்கு ஒத்துக்கலடி! எங்கள இல்ல, கத்திரிக்காய!"

போனை என்னிடம் நீட்டியது. "அப்பா, மாத்திரை போட்டீங்களா?" என்றாள்.

எவ்வளவு நாள் கழித்து! நான் "போட்டுட்டேன்மா" என்றேன். போடவில்லை. குரல் சரியாக இருந்தால் போதும் என்று இருந்தது.

பூமயிலம்மா வெற்றிலையில் மிளகு வைத்து மடித்துக் கொடுத்தது. கடி, தடிப்பு எல்லாவற்றுக்கும் அவர்கள் வீட்டு வைத்தியமாம். வாங்கி வாயில் போட்டேன். அரங்கசாமி அதைப் பார்த்துவிட்டு முதல்முறையாகச் சிரித்தார். "வெத்தலையும் கை மாறிருச்சு சம்பந்தி. பாக்குக்குப் பதிலா மொளகு. இனிமே நீங்களே நெனச்சாலும் மாத்த முடியாது" என்றார். சம்பந்தி என்றார் சார். கேட்டீர்கள் அல்லவா, சம்பந்தி. தையில் வைத்துக்கொள்ளலாம் என்று பேசியாகிவிட்டது.

ரெண்டு பேருமே பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார்கள். பஸ் திரும்பி வந்து நிற்கிறது, நான் ஏறப் போகிறேன், பூமயிலம்மா கிட்டே வந்து மெதுவாகக் கேட்டது. சிரித்துக்கொண்டேதான் கேட்டது.

"கத்திரிக்கா சரிண்ணே. அன்னிக்கு அந்தத் தண்ணி பாட்டிலு, அது எந்தக் காய்க்காக?"

பஸ் கிளம்பிவிட்டது. கண்டக்டர் ஏறச் சொன்னார். நான் என்ன செய்ய முடியும்?

டாக்டர் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். "ஒரு தடவை போதாது அங்கிள். வீட்டுல, அமைதியா, யாரும் இல்லாதப்ப கத்திரிக்கா சாப்பிட்டுப் பாருங்க. அப்பவும் தடிச்சாதான் கத்திரிக்கா." அதுதான் முறை. நான் முறைப்படி நடக்கிறவன். ஆனால் சாப்பிட்டுப் பார்க்க மாட்டேன் சார். வீட்டில் இருக்கிறதையும் எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிடச் சொல்லப்போகிறேன். கல்யாணப் பந்தியில் கத்திரிக்காய் கிடையாது. பேரன் பேத்தி பிறந்து, தாத்தாவுக்கு என்ன ஆகாது என்று கேட்டால், கத்திரிக்காய் என்று சொல்லட்டும். கத்திரிக்காயாகவே இருக்கட்டும்.

இந்த மிளகு மருந்து கீரனூர் வரைக்கும்தான் தாங்கும் போலிருக்கிறது. பாருங்கள், மறுபடி கிளம்புகிறது. மாத்திரை சட்டைப் பையிலேயே இருக்கிறது. விழுங்கத்தான் ஒன்றும் இல்லை, நான்தான் பாட்டில் கொண்டு வரவில்லையே. உங்கள் பையில் ஒரு பாட்டில் தெரிகிறது. ஒரு வாய் கொடுங்கள் சார். வாய் வைக்க மாட்டேன், தூக்கித்தான் குடிப்பேன்.

என்ன சார், இவ்வளவு யோசிக்கிறீர்கள்?

தண்ணீர்தானே சார்.